புடிக்கிற ஆளு

போன வாரம் ஒரு நைட் டியூட்டி. மணி ரெண்டே கால் இருக்கும், 108ல ஒரு பாப்பா வந்துச்சு, ரெண்டரை வயசு, நாலு நாளா காய்ச்சல், அன்னிக்கு சாயங்காலத்துல இருந்து வாந்தி நிக்கல, வயித்த வலிக்குதுன்னு சுருண்டு கிடக்கா, கை கால் நுனியெல்லாம் ஜில்லுனு இருக்கு. டெங்கு சீசன்ல இப்படி ஒரு புள்ள வந்தா எங்க வார்டுல யாரும் உக்காந்து யோசிச்சுக்கிட்டு இருக்க மாட்டோம், உடனே லைன் போடணும், அதாவது சலைன் ஏத்த கைல ஒரு ஊசிய சொருகி வழி பண்ணணும். டிரே வந்துருச்சு, மஞ்சள் வென்ஃப்ளான் (ஊசியோட வர்ற சின்ன பிளாஸ்டிக் குழாய்) பிரிச்சாச்சு, பயிற்சி டாக்டரா புதுசா வந்திருக்கற ஹவுஸ் சர்ஜன் தம்பி கிளவுஸ மாட்டிக்கிட்டு சுத்தி ஒரு பார்வை பாத்துட்டு சொன்னாரு, "சிஸ்டர், யாராவது வந்து புடிங்க."

யாராவது. பதினேழு வருஷமா இந்த வார்த்தைய கேட்டுக்கிட்டு இருக்கேன், அதுல ஒம்போது வருஷம் குழந்தைங்க எமர்ஜென்சில. ஊசி குத்தறதுக்கு மட்டும் டாக்டர்தான் வேணும், இல்லன்னா கை பழகுன சிஸ்டர் வேணும், புடிக்கறதுக்கு யாரு வேணா வரலாம், ஆயாம்மா வரலாம், வாட்ச்மேன் வரலாம், பக்கத்து பெட் புள்ளையோட தாத்தா கூட வரலாம். வெயின் கிடைச்சிருச்சுன்னா "சூப்பர் கை உங்களுக்கு"ன்னு குத்துனவங்கள பாராட்டுவாங்க. புடிச்ச ஆள யாரும் திரும்பி கூட பாக்க மாட்டாங்க. கிடைக்கலன்னா மட்டும் "ஒழுங்கா புடிக்கலியே"ன்னு நம்ம தலைல வரும்.

நர்சிங் படிக்கும்போது வென்ஃப்ளான் கலரெல்லாம் மனப்பாடம் பண்ணியிருக்கோம், பச்சை 18, பிங்க் 20, நீலம் 22, மஞ்சள் 24, அதுக்கும் சின்னது வயலட் 26, நம்பர் ஏற ஏற ஊசி மெலிசு. எந்த கோணத்துல குத்தணும், ரத்தம் தெரிஞ்சதும் ஊசிய எவ்வளவு படுக்க வைக்கணும், எல்லாம் படம் வரைஞ்சு பாகம் குறிச்சிருக்கோம். புடிக்கறதப் பத்தி என் ரெக்கார்ட் நோட்டுல ஒரே ஒரு வரிதான், குழந்தையை அசையாமல் பிடித்துக்கொள்ளவும். எப்படின்னு கேட்டா, அது சிலபஸ்ல இல்ல.

ரெண்டு வயசு புள்ளையோட கைய பாத்திருப்பீங்க, புசுபுசுன்னு பன்னு மாதிரி இருக்கும், விரல் மூட்டுல குழி விழும், வீட்டுல எல்லாரும் கொஞ்சுவாங்க, எங்களுக்கு அந்த கைய பாத்தாலே வயித்த கலக்கும். அந்த கொழுப்புக்கு அடில எங்கியோ நூல் மாதிரி ஒரு நரம்பு ஓடுது (ரத்தக் குழாய்னுதான் சொல்லணும், ஆனா ஊர்ல எல்லாரும் நரம்புன்னுதான் சொல்றாங்க, நானும் அப்படியே சொல்லிட்டு போறேன்). மஞ்சள் வென்ஃப்ளானே 0.7 மில்லிமீட்டர் தடிமன். அதுக்குள்ள அத சொருகணும், அந்த நேரம் பாத்து கை அரை இன்ச் நகந்துச்சுன்னா போச்சு, நரம்போட மறுபக்கம் கிழிச்சிக்கிட்டு வெளிய வந்துரும், அந்த இடம் நீலமா பொம்முனு வீங்கிரும், அந்த கைல அடுத்து தேடணும்னா அதுக்கும் மேல போகணும். போதாததுக்கு பயந்து அழுதா ரத்தக் குழாயெல்லாம் இன்னும் சுருங்கும், கை ஜில்லுனா அதுக்கும் மேல. அதனால மோசமா புடிச்சா புள்ள அசையறது மட்டும் இல்ல, இருக்கற நரம்பும் ஒளிஞ்சிக்கும்.

நான் வேலைக்கு சேந்தப்போ பாத்த முறை ஒண்ணுதான். புள்ளைய அம்மாகிட்ட இருந்து வாங்கு, அம்மா அப்பாவ வெளிய அனுப்பு, கதவ சாத்து, பெட்ல மல்லாக்க போடு, பெட்ஷீட்ல பொட்டலம் மாதிரி சுத்தி ஒரு கைய மட்டும் வெளிய எடு, ஒருத்தர் தலை, ஒருத்தர் தோள், ஒருத்தர் முட்டி, ஒருத்தர் பாதம், குத்தறவங்க ஒருத்தர். அஞ்சு பேரும் ஆளுக்கு ஒண்ணா கத்துவோம், "அழாத", "ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல", "இங்க பாரு காக்கா", "அசையாதடா", "முடிஞ்சிருச்சு முடிஞ்சிருச்சு". முடிஞ்சிருக்காது. வெளிய அந்தம்மா கதவத் தட்டி அழுதுக்கிட்டு இருப்பாங்க. இதுதான் சரியான முறைன்னு நான் ரொம்ப வருஷம் நம்புனேன், வேகமா முடியும், பெத்தவங்க பாத்தா தாங்க மாட்டாங்க, சின்னப் புள்ளைக்கு நாளைக்கே மறந்துரும். இந்த மூணும் எங்களுக்கு நாங்களே சொல்லிக்கிட்டது.

மறக்காதுன்னு எனக்கு சொல்லிக் குடுத்தது என் பையன்தான்.

அவனுக்கு ரெண்டே முக்கா வயசு, வயித்தால போயி வாந்தியும் சேந்து கண்ணு உள்ள போயிருச்சு, குடுக்கறதெல்லாம் வெளிய வந்துக்கிட்டே இருக்கு, தூக்கிக்கிட்டு ஓடுனேன், எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம், நான் வேலை பாக்கற இடம் இல்ல. அங்க இருந்தவங்க நல்ல மனசோடதான் சொன்னாங்க, "நீங்கதான் சிஸ்டராச்சே, உங்களுக்குத் தெரியாததா, நீங்களே கால புடிச்சிக்கோங்க." நானும் யோசிக்கல, கை தானா போயிருச்சு, ரெண்டு முட்டியவும் சேத்து அமுக்கிப் புடிச்சிட்டேன், டியூட்டில புடிக்கற மாதிரியே. நாலு தடவ குத்துனாங்க. அவன் "அம்மா அம்மா"ன்னு கூப்புடறான், கூப்புடறது என்னதான், என் முகத்தப் பாத்துதான் கூப்புடறான், அமுக்கிக்கிட்டு இருக்கறதும் நான்தான். அவனக் காப்பாத்த வேண்டிய ஆள் அந்த ரூம்ல வேற யாரும் இல்ல. அது ஒரு இருபது நிமிஷம் நடந்திருக்குமா, எனக்குத் தெரியல, இப்பவும் அத நெனச்சா என் உள்ளங்கைல அவன் முட்டி உருள்ற மாதிரி இருக்கும்.

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள்ல எந்திரிச்சு ஓடியாட ஆரம்பிச்சிட்டான். ஆனா அவங்க அப்பத்தா வந்து "யாருய்யா உனக்கு ஊசி போட்டா"ன்னு கேட்டப்போ டாக்டரச் சொல்லல, என்னக் கை காட்டி "அம்மாதான் புடிச்சுச்சு"ன்னான். அதுக்கப்புறம் மூணு நாலு மாசத்துக்கு நான் சாக்ஸ் மாட்ட கால தொட்டா வெடுக்குனு இழுத்துக்குவான். அவங்கப்பா மாட்டுனா கால நீட்டுவான்.

அப்புறம் ஒரு ரெண்டு வருஷம் கழிச்சு எங்க டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு பிஜி மேடம், அதாவது மேல்படிப்பு படிக்கற டாக்டர், வந்தாங்க. ஒல்லியா, சத்தமே இல்லாம பேசுவாங்க. மொத நாளே ஒரு பையனுக்கு லைன் போடணும், நான் பழக்கத்துல அம்மாவ "வெளிய இரும்மா"ன்னு சொல்றேன், மேடம் "வேணாம் சிஸ்டர், அவங்கள ஸ்டூல்ல உக்காரச் சொல்லுங்க"ன்னாங்க. எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு, இது என்ன புது வம்பு, அந்தம்மா மயக்கம் போட்டு விழுந்தா யாரு பாக்கறதுன்னு.

அன்னிக்கு பாத்தத இன்னிக்கு வரைக்கும் செய்யறேன். புள்ளைய அம்மா மடில, அம்மாவ பாத்த மாதிரி, ரெண்டு காலும் அம்மா இடுப்புக்கு ரெண்டு பக்கமும் வர்ற மாதிரி உக்கார வைக்கணும், நம்மூர்ல இடுப்புல தூக்கி வெச்சிக்கறோம்ல, கிட்டத்தட்ட அதேதான், கொஞ்சம் முன்னாடி தள்ளி. நெஞ்சோட நெஞ்சு. ஒரு கை அம்மா கழுத்தச் சுத்தி. லைன் போட வேண்டிய கை அம்மாவோட அக்குளுக்கு அடில நுழைஞ்சு முதுகுப் பக்கம் வந்துரும். அம்மா தன் கையால சும்மா அணைச்சிக்கிட்டாலே அந்தக் கை மேல் பக்கம் பூட்டு போட்ட மாதிரி நின்னுரும். நாங்க அம்மாவுக்குப் பின்னாடி உக்காந்துக்குவோம். புள்ள கண்ணுக்கு ஊசி தெரியாது, அம்மா தோளும் சுவத்துல இருக்கற காலண்டரும்தான் தெரியும். கொஞ்சம் பெரிய புள்ளன்னா திருப்பி உக்கார வைக்கலாம், முதுகு அம்மா நெஞ்சுல சாஞ்சிருக்கும், கால அம்மா தொடைக்கு நடுவுல வெச்சிக்குவாங்க. 1990கள்ல இருந்தே அமெரிக்காவுல குழந்தைங்க ஆஸ்பத்திரிங்கள்ல இத ஒரு பாடமாவே சொல்லிக் குடுக்கறாங்கன்னு மேடம் சொன்னாங்க. நமக்கு இடுப்புல தூக்கறதுக்கு யாரும் பாடம் எடுக்கல, ஆனா ஆஸ்பத்திரி வாசல்லயே அத எறக்கி வெச்சிட்டு வரச் சொல்லிட்டோம்.

ஏன் இது வேலை செய்யுதுன்னா, நீங்க வேணா மல்லாக்க படுத்துக்கிட்டு மேல நாலு பேரு குனிஞ்சு பாக்கற மாதிரி நெனச்சுப் பாருங்க, பெரிய ஆளுக்கே எந்திரிக்கத்தான் தோணும். படுக்க வைக்கற நிமிஷத்துல இருந்தே புள்ள சண்டை போட ஆரம்பிக்குது, ஊசி அப்புறம்தான் வருது. உக்காந்திருந்தா அந்தப் பாதி சண்டை இல்ல. அழாதுன்னு சொல்லல. அழும், நல்லாவே அழும், அழறது வேற, திமிர்றது வேற.

அம்மாவுக்குப் பின்னாடி அந்தக் கைய புடிக்கற ஆளுக்குத்தான் நெஜமான வேலை. மூட்டு மூட்டா புடிக்கணும், முழங்கைக்கு ஒரு கை, மணிக்கட்டுக்கு ஒரு கை. இழுக்கக் கூடாது, சின்னப் புள்ளைக்கு கைய வெடுக்குனு இழுத்தா முழங்கை எலும்பு நழுவிக்கும், அப்புறம் அதுக்கு வேற ஒரு வைத்தியம். ரப்பர் கட்டு கட்ட வேண்டியதே இல்ல, என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் கட்டு, புள்ள முன்கைய வளையல் மாதிரி சுத்திப் புடிச்சா நரம்பு மெதுவா மேல வரும். ரொம்ப நெரிச்சா உள்ள வர்ற ரத்தமே நின்னு கை வெள்ளையாயிரும், அப்போ ஒண்ணும் வராது. ஊசில ரத்தம் தெரிஞ்சு, பிளாஸ்டிக் உள்ள போயி, டெஸ்டுக்கு ரத்தம் எடுத்த பிறகு, சலைன் தள்றதுக்கு முன்னாடி, அந்த வளையல விட்டுரணும். அத விட மறந்து சலைன தள்ளுனா கஷ்டப்பட்டு கிடைச்ச நரம்பு வெடிச்சிரும், நான் மறந்திருக்கேன், ஒரு தடவ இல்ல. புள்ளையோட நெஞ்சு மேல கைய ஊனவே கூடாது, குப்புற போட்டு அமுக்கவே கூடாது, முகம் எப்பவும் யாராவது ஒருத்தர் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும்.

அதே மாதிரி ரூம்ல ஒரு குரல்தான் கேக்கணும். அம்மா குரல் இருந்தா அம்மா குரல். அம்மாவுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாது பாவம், "வலிக்காது சாமி, எறும்பு கடிக்கற மாதிரிதான்"னு ஆரம்பிப்பாங்க, நான் முன்னாடியே சொல்லிருவேன், வலிக்காதுன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா, வலிக்கும், அப்புறம் நீங்க சொல்ற எதையும் நம்பாது. "வலிக்கும், அம்மா விட மாட்டேன், இங்கயே இருக்கேன்"னு சொல்லுங்க, இல்லன்னா வீட்டு நாய்க்குட்டி பேரச் சொல்லி அது என்ன பண்ணுதுன்னு கேளுங்க. இன்னொண்ணும் இருக்கு, எங்க கஷ்டத்துல பாதி வீட்டுலயே ஆரம்பிக்குது. சோறு திங்கலன்னா "ஊசி போட்டுருவாங்க", தூங்கலன்னா "சிஸ்டர் அக்கா ஊசியோட வருது", ஓபில வரிசைல நிக்கும்போது என்னக் கை காட்டி "அந்தா பாரு, ஊசி போடற அக்கா, சேட்டை பண்ணே..."ன்னு. பூச்சாண்டி வேலைய எங்களுக்குக் குடுத்துட்டு, அப்புறம் அதே பூச்சாண்டிகிட்ட கைய நீட்டச் சொன்னா புள்ள எப்படி நீட்டும்?

வலிக்கு ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு. லிக்னோகைனும் பிரிலோகைனும் கலந்த கிரீம் இருக்கு, தடவி மேல பிளாஸ்டிக் ஒட்டி ஒரு மணி நேரம் விட்டா தோல் மரத்துரும். எமர்ஜென்சில ஒரு மணி நேரத்துக்கு எங்க போறது? ஆனா நெஜமாவே அவசரம் இல்லாத புள்ளைங்களும் எங்ககிட்ட வருது, மூணு மணி நேரம் ரிப்போர்ட்டுக்கு காத்திருக்கும், அதுங்களுக்கு வந்த உடனே தடவி வெச்சிரலாம், ஸ்டாக் இருந்தா. ரொம்ப சின்னப் புள்ளைங்களுக்கு, அதாவது சில மாசக் குழந்தைங்களுக்கு, குத்தறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி நாக்குல ரெண்டு சொட்டு சர்க்கரைத் தண்ணி விட்டா அழுகை குறையும், அத விட தாய்ப்பால் குடிச்சிக்கிட்டு இருக்கும்போதே கால்ல போட்டுரலாம். அந்தம்மாவுக்கு ஒரு துண்டு குடுத்தா போதும்.

இதெல்லாம் சொன்னா சில சீனியருங்க இப்பவும் சிரிப்பாங்க. அவங்கள ரொம்பக் குறை சொல்லவும் முடியல, 1980கள் வரைக்கும் பச்சக் குழந்தைக்கு வலியே சரியா தெரியாதுன்னு சொல்லி, சரியான மயக்க மருந்து குடுக்காமலே ஆபரேஷன் பண்ணியிருக்காங்க, வெளிநாட்டுலயே. இந்தூர்ல எம்பிபிஎஸ் படிச்சிட்டு வெளிய போன கே.ஜே.எஸ். ஆனந்துங்கற டாக்டர் 1987ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல இன்னொருத்தரோட சேந்து எழுதுன கட்டுரைக்கு அப்புறம்தான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுச்சு. அப்போ நான் பொறந்துட்டேன். அவ்வளவு பழைய கதை எல்லாம் இல்ல இது.

எல்லா லைனும் போட வேண்டிய லைனும் இல்ல. இத எழுதுனா திட்டுவாங்க, பரவால்ல. வயித்தால போற புள்ளைங்கள்ல பெரும்பாலானதுக்கு ஓஆர்எஸ் போதும், ஒரு ஸ்பூன், ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு ஸ்பூன், வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி. 1971ல பங்களாதேஷ் போர் நேரத்துல மேற்கு வங்கத்துல இருக்கற பொங்காவ் அகதி முகாம்ல காலரா வந்து சலைன் தீந்து போச்சு, திலிப் மஹலனாபிஸ்னு ஒரு டாக்டர் உப்பு சர்க்கரைக் கரைசல டிரம் டிரம்மா கலந்து வெச்சு, கூட வந்த சொந்தக்காரங்களையே குடுக்கச் சொல்லி அத்தன உயிரக் காப்பாத்துனாரு. ஆனா நம்ம ஆளுங்களுக்கு பாட்டில் தொங்குனாத்தான் வைத்தியம். "என்ன சிஸ்டர், இவ்வளவு தூரம் வந்திருக்கோம், ஒரு டிரிப்ஸ் கூட போடாம அனுப்பறீங்க"ன்னு ஒரு தாத்தா என்கிட்ட சண்டைக்கே வந்துட்டாரு. ஒக்காந்து ஸ்பூனால குடுக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும், லைன் போட பத்து நிமிஷம், கூட்டம் இருக்கற நாள்ல நாங்களும் சுலபமானத செஞ்சிருக்கோம், அதையும் சொல்லிரணும். ஃபிட்ஸ்ல வர்ற புள்ளைக்கு முன்னெல்லாம் வெட்டிக்கிட்டு இருக்கற கைய புடிச்சு நரம்பு தேடுவோம், இப்போ மூக்குல வலிப்ப அடக்கற மிடாசோலம் ஸ்ப்ரே அடிச்சிட்டு, அடங்குன பிறகு நிதானமா தேடறோம்.

எங்களுக்கு ரொம்பப் பயமான புள்ள எதுன்னா, புடிக்கவே தேவைப்படாத புள்ளதான். குத்தறோம், கைய இழுக்கல, முகம் சுளிக்கல, கண்ணு எங்கியோ பாத்துக்கிட்டு இருக்கு. அங்க மடி, நாய்க்குட்டி எதுவும் கிடையாது, அப்போ வேகம்தான். ஷாக்ல, அதாவது உடம்புல ரத்த ஓட்டம் ரொம்பக் கொறஞ்சு போயி, இருக்கற புள்ளைக்கு நரம்பெல்லாம் உள்ள சுருண்டிருக்கும், சட்டுனு ரெண்டு இடம் பாத்து கிடைக்கலன்னா முழங்காலுக்குக் கீழ உள்பக்கமா தட்டையா இருக்கற எலும்புலயே ஊசிய ஏத்திருவாங்க, மருந்து தண்ணி எல்லாம் அது வழியாவே போகும். மொத தடவ பாக்கறவங்களுக்கு நெஞ்சே நின்னுரும். அந்த நேரத்துலயும் அம்மா தலைமாட்டுல நிக்கலாம்னு இப்போ எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு பழக்கம் வந்திருக்கு, காதுல பேசிக்கிட்டு இருங்கன்னு சொல்லுவோம், கேக்குதோ இல்லியோ.

மடி முறை எல்லா நேரமும் நடக்கும்னு நெனச்சிராதீங்க. ராத்திரி மூணு மணி, நான் ஒருத்திதான், அம்மாவுக்கே 102 காய்ச்சல், பையன் நாலு வயசு, கடப்பாற மாதிரி பலம், அப்போ பெட்ஷீட்தான் சுத்தியிருக்கேன். சத்தமும் தொடுகையும் ஆகாத ஒரு ஆட்டிசம் புள்ளைக்கு அணைச்சுப் புடிச்சதே வேதனையாப் போச்சு, கடைசில அவனே டேபிள்ல கைய வெச்சிக்கிட்டான், யாரும் தொடக்கூடாதுன்னு அவங்கம்மா சொன்னாங்க, லைட்ட கொறச்சோம், பத்து நிமிஷம் காத்திருந்தோம், கைய நீட்டுனான். அப்பாங்கள மடிக்குக் கேட்டா நெறைய பேரு முன்ன வர்றாங்க இப்போ, என்ன, ரத்தத்தப் பாத்ததும் பொத்துனு விழறதும் அவங்கதான் அதிகம், அதனால அப்பாவ எப்பவும் சுவர் ஓரமா உக்கார வைப்பேன்.

ரெண்டு தடவைக்கு மேல ஒரே ஆள் குத்தக் கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம். மூணாவதுக்கு வேற கை. கோவப்பட்ட கை நரம்ப பாக்காது.

அன்னிக்கு அந்த ஹவுஸ் சர்ஜன் தம்பிகிட்ட "யாராவது இல்ல தம்பி, நான் புடிக்கறேன்"னு சொல்லிட்டு அம்மாவ பெட் ஓரத்துலயே சாஞ்சு உக்கார வெச்சு பாப்பாவ மேல படுக்க வெச்சேன். அந்தம்மாவுக்கு இருபத்திரெண்டு இருபத்திமூணு வயசு இருக்கும், கைல இன்னும் மருதாணி, நடுங்கிக்கிட்டே "நான் பாக்க மாட்டேன் சிஸ்டர்"னாங்க. பாக்க வேணாம்மா, பாப்பா தலைய மோந்துக்கிட்டு இருங்க, அது போதும்னேன். பாப்பா அழுதா. அழறாளேன்னு எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். மொத தடவ நழுவிருச்சு. தம்பிக்கு நெத்தில வேர்வை. ரெண்டாவது, கட்டைவிரலுக்குக் கொஞ்சம் மேல, ரத்தம் எட்டிப் பாத்துச்சு, நான் வளையல விட்டேன், சலைன் வழுக்கிக்கிட்டு உள்ள போச்சு. டைனாபிளாஸ்ட் பிளாஸ்திரி, அட்டை, பஞ்சு, விரல் நுனி அஞ்சும் வெளிய தெரியற மாதிரி கட்டு.

சலைன் ஓட ஆரம்பிச்சதும் அந்தம்மா கண்ணத் தொறக்காமலே கேட்டாங்க, "சிஸ்டர், நான் சரியா புடிச்சேனா?"

வாசல்ல அடுத்த 108 ரிவர்ஸ் எடுக்கற சத்தம் கேட்டுச்சு, நான் ஸ்ட்ரெச்சர எடுக்கப் போயிட்டேன். விடிகாலைல நான் டியூட்டி முடிச்சுப் போகும்போது பாப்பா அம்மா நெஞ்சுமேலயே தூங்கிக்கிட்டு இருந்தா, அட்டை கட்டுன கை அம்மா முதுகுப் பக்கம் அப்படியே இருந்துச்சு, யாரும் எடுத்து வைக்கல.